ஏழு ஜாடி பீன்ஸ் எங்கே?

வெஸ்ட் ஹால்வர்சன், மினசோட்டா
செவ்வாய், ஏப்ரல் 26, 1983

அன்பு மகள் மார்லாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், உன் அப்பா, நாய், தொழுவத்தில் இருபத்தெட்டு மாடு, எல்லாரும் கர்த்தர் தயவில் சுகம். பீன்ஸ்தான் சுகமில்லை. நீயும் மாப்பிள்ளை டக்கும் குழந்தை டானாவும் அந்த அரிசோனா வெயிலில் வதங்கிப் போகாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கே சாலையோரப் பள்ளத்தில் இன்னும் பனிக்கட்டி கிடக்கிறது. அப்பா கம்பளி உள்ளாடையைக் கழற்றவில்லை, மே மாதம் பிறக்கட்டும் என்கிறார். போன வியாழக்கிழமை போனில் உன்னிடம் பீன்ஸ் ஜாடியைத் திறக்காதே, ஏன் என்று கேட்காதே, கடிதம் எழுதுகிறேன் என்று சொன்னேன் அல்லவா, நீயும் ஏன் என்று கேட்காமல் "சரிம்மா, தொடவே மாட்டேன்" என்றாய். எவ்வளவு சொல்பேச்சுக் கேட்கிற பெண் என்று அன்றைக்குப் பூரித்துப் போனேன். இன்றைக்கு அந்தச் "சரிம்மா"வை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன், முதலில் நடந்ததை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன், நடுவில் தாவிப் படிக்காதே.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கண்காட்சியில் என் பீன்ஸுக்கு வெள்ளை ரிப்பன் கொடுத்தார்களே, ஞாபகம் இருக்கிறதா. மூன்றாம் பரிசு. போட்டிக்கு வந்ததே மூன்று பேர்தான். விவசாய ஆலோசனை அலுவலகத்துக்குப் புதிதாக வந்த ஷெரில் என்கிற பெண்தான் நடுவர். அவள் ஜாடியோடு கட்டித் தந்த அட்டையில் "திறந்ததும் வழக்கத்துக்கு மாறான மணம்" என்று எழுதியிருந்தாள். எனக்கு வந்த கோபத்தில் அந்த அட்டையை அடுப்பில் போட்டேன். என் பீன்ஸில் ஜாடிக்கு ஒரு கிராம்பு போடுவது ஊருக்கே தெரியும், இந்தக் குடும்பத்தின் கைப்பக்குவம் அது, நேற்று வந்தவளுக்கு என்ன தெரியும் என்று உன் அப்பாவிடம் ஒரு வாரம் பொரிந்து தள்ளினேன். அவர் பாலைக் குடித்துக்கொண்டே "ம்" என்றார். இப்போது யோசித்தால் அந்த "ம்" எந்தப் பக்கத்து "ம்" என்றே தெரியவில்லை.

பீன்ஸ் வேகவைக்கிற பெரிய குக்கர் மூடியில் வட்டத்துக்குள் அழுத்தம் காட்டுகிற ஒரு முள் இருக்குமே, அதை வருஷா வருஷம் வசந்தத்தில் அலுவலகத்தில் கொடுத்துச் சரிபார்க்க வேண்டும். முப்பது வருஷம் ஒரு தடவை தவறாமல் எடுத்துப் போனவள் நான். போன வருஷம் மட்டும் போகவில்லை. அந்த ஷெரில் முகத்தில் போய் விழிப்பதா என்று வீம்பு. முள் நேற்று வரை சரியாக இருந்தது, இன்றைக்கு மட்டும் கெட்டுவிடுமா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, ஆகஸ்டில் குளிர்காலத்துக்காக அந்தக் குக்கரில் ஜாடியோடு வேகவைத்து அறுபத்து நாலு ஜாடி பீன்ஸ் போட்டேன். மூடி ஒவ்வொன்றும் டிங் டிங் என்று உள்ளே இழுத்துக்கொண்டது, அறுபத்து நாலு டிங்கும் எண்ணினேன், ஒன்று கூடத் தவறவில்லை. காற்றுப் புகாமல் மூடிக்கொண்டால் போதும் என்று நினைத்தேன் பார்.

போன வியாழன் கேஸ்கட் வாங்க உன் அப்பா மூடியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போனார். அன்றைக்கு ஷெரில் ஆணி, கம்பி விற்கிற கடையிலேயே ஒரு மேஜை போட்டு எல்லார் குக்கர் முள்ளையும் இலவசமாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தாளாம். இவருக்கு என் வீம்பு எங்கே ஞாபகம் இருக்கப் போகிறது, அவள் கையிலேயே கொடுத்துவிட்டார். திரும்பி வந்து மூடியை மேஜையில் வைத்தார், கை கழுவினார், உட்கார்ந்து ஆப்பிள் பை இரண்டு துண்டு சாப்பிட்டார், மீசையைத் துடைத்தார், அப்புறம்தான் வாயைத் திறந்து "அந்த முள்ளு பொய் சொல்லுதாம்" என்றார். மூடியில் சிவப்பு அட்டை தொங்குகிறது. நான் பதறிப் போய் ஷெரிலுக்குப் போன் போட்டேன். பாவம், அந்தப் பெண் என் வெள்ளை ரிப்பனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "முள்ளு பதினொண்ணு காட்டும்போது உள்ளே அழுத்தம் எட்டுதாங்க இருக்கு. கிருமி சாகாது. மூடி நல்லா இறுகியிருக்கும், பார்க்கவும் நல்லா இருக்கும், மோந்து பார்த்தாலும் தெரியாது. போன வருஷம் போட்ட பீன்ஸ் ஒரு ஜாடி பாக்கியில்லாம திறக்காம புதைச்சிடுங்க, பன்னிக்குக் கூடப் போடாதீங்க" என்றாள். அந்தக் கிருமி கக்குகிற விஷம் உடம்பில் ஏறினால் முதலில் இமை தொங்கிப் போகுமாம், ஒன்று இரண்டாகத் தெரியுமாம், அப்புறம் மூச்சே நின்றுவிடுமாம். நான் போனை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன், உன் அப்பா நாற்காலியில் இமை தொங்க உட்கார்ந்திருக்கிறார்.

எனக்கு உயிரே போய்விட்டது மார்லா. ஓடிப் போய் முகத்துக்கு நேரே விரலை நீட்டி இது எத்தனை என்றேன். அவர் கண்ணைத் திறந்து பார்த்து "எதுக்கு?" என்றார். எத்தனை என்று சொல்லுங்கள் என்று கத்தினேன். "மூணு. ஒண்ணுல மாவு ஒட்டியிருக்கு" என்றார். சாப்பாடு முடிந்ததும் தூங்குவது முப்பத்தொரு வருஷப் பழக்கம் என்பதே அந்த நேரத்தில் எனக்கு மறந்துவிட்டது. நாங்கள் இந்தக் குளிர்காலத்தில் ஆறு ஜாடி தின்று தீர்த்திருக்கிறோம். திறந்ததும் நன்றாகக் கொதிக்க வைத்தீர்களா என்று ஷெரில் கேட்டாள், இருபது நிமிஷம் கொதிக்க வைக்காமல் நான் எதையும் மேஜைக்குக் கொண்டு வந்ததில்லை என்றேன், அதுதான் காப்பாற்றியிருக்கிறது என்றாள். இருந்தாலும் மூன்று நாள் அவர் இமையையே பார்த்துக்கொண்டிருந்தேன். தொழுவத்தில் பால் கறக்கும்போது கூடப் போய் விரலைக் காட்டினேன். சனிக்கிழமை அவர் கோபித்துக்கொண்டு, எதுவும் கேட்பதற்கு முன்னாலேயே "நாலு!" என்று கத்தினார்.

அறுபத்து நாலில் ஆறு போய்விட்டது. நிலவறை அலமாரியில் முப்பத்தொன்று இருந்தது. மிச்சமெல்லாம் வெளியே. பக்கத்துப் பண்ணை எமிலுக்கு ஆறு, பாதிரியார் வீட்டுக்கு ஆறு, உன் கோரா அத்தைக்கு எட்டு, கிறிஸ்துமஸ் பார்சலில் உனக்கு ஏழு. உனக்கு உடனே போன் செய்துவிட்டேன். மற்ற மூன்று வீட்டுக்கும் நேரில் போகத்தான் வேண்டும். ஆனால் கொடுத்த ஜாடியைத் திருப்பிக் கேட்பது எப்படி, நீயே சொல். காலி ஜாடியைக் கழுவித் திருப்பிக் கொடுப்பார்கள், அதுதான் முறை, நிறைந்த ஜாடியைப் போய்த் திருப்பிக் கேட்ட பொம்பளை இந்த ஜில்லாவில் இதுவரை பிறக்கவில்லை. விஷயத்தைச் சொன்னால் முள்ளைச் சரிபார்க்காத குட்டு வெளியே வரும். சொல்லாவிட்டால் யாராவது செத்துப் போவார்கள். வெட்கத்தை விட உயிர் பெரிது என்று எனக்குத் தெரியும், ஆனால் முதலில் ஒரு சின்னப் பொய்யைச் சொல்லிப் பார்ப்போமே என்று தோன்றியது. கர்த்தர் மன்னிப்பாராக.

வெள்ளிக்கிழமை காலையில் எமிலிடம் போனேன். கல்யாணம் காட்சி இல்லாத மனுஷன், டப்பா மீனும் காபியுமாக உயிர் வாழ்கிறவர், நம் பீன்ஸ் போனால் இவருக்குக் காய்கறியே இல்லையே என்று வழியெல்லாம் வருத்தம். எமில், இந்த வருஷம் எனக்கே பீன்ஸ் தட்டுப்பாடு, இருந்தால் ஒன்றிரண்டு திருப்பித் தர முடியுமா என்றேன். மனுஷன் நாற்காலியை விட்டு எழுந்த வேகத்தைப் பார்க்க வேண்டுமே, முழங்கால் வலி எங்கே போனதோ. "ஒண்ணு ரெண்டு எதுக்கு, எல்லாத்தையும் எடுத்துக்கோம்மா" என்று ஆறையும் பெட்டியோடு கொண்டு வந்து என் காரில் அவரே ஏற்றினார். ஒன்று கூடத் திறக்கவில்லையா என்று கேட்டேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "முன்னெல்லாம் வருஷத்துக்கு ரெண்டு மூணு திறப்பேன். பல்லு வலி வந்தா அந்தத் தண்ணியை வாயில வச்சுக் கொப்பளிச்சா அப்படியே மரத்துப் போகும். டாக்டர் கிட்டக்கூட அப்படி மருந்து கிடையாது. போன வருஷம்தான் பல்லெல்லாம் பிடுங்கிட்டேனே, இப்போ வலிக்கறதுக்கு என்ன இருக்கு?" என்றார். பல்லில்லாத ஈறைக் காட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன். வண்டியை எடுத்துப் பாதி வழி வந்த பிறகுதான் அவர் சொன்னதன் அர்த்தம் உறைத்தது. சரி, தனிக்கட்டை, அவருக்கு ருசி என்ன தெரியும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அங்கிருந்து நேராகப் பாதிரியார் வீடு. அவர் மனைவி இங்ரிட் நல்ல பெண், பொய் சொல்ல வராது, அதனால் பேசுவதே குறைவு. அவளிடமும் அதே தட்டுப்பாட்டுக் கதையைச் சொன்னேன். அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது பார், ஈஸ்டர் காலையில் கூட அப்படி வந்து நான் பார்த்ததில்லை. "எல்லாமே வேணுமா, இல்ல போன வருஷத்தது மட்டுமா?" என்று கேட்டாள். எல்லாம் என்றால் என்ன என்று கேட்டேன். வாயைக் கொடுத்துவிட்டோம் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது, கன்னம் சிவந்து போய், பேசாமல் என்னை நிலவறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பின் சுவரில் ஒரு அலமாரி முழுக்க என் பீன்ஸ். ஜாடிக்கு ஜாடி என் கையெழுத்து. 1978, 1971, 1966. மேல் தட்டில் தூசி படிந்து ஒன்று, 1954, உன் கையைப் பிடித்து நடக்கப் பழக்கிய வருஷம். ஐந்து பாதிரியார் மாறிவிட்டார்கள் மார்லா, ஒருத்தர் கூடத் திறக்கவில்லை, தானமாக வந்ததைத் தூக்கிப் போடவும் மனசில்லை. இங்ரிட் குனிந்த தலை நிமிராமல் சொன்னாள், "நாங்க குடி வரும்போது முன்னாடி இருந்தவங்க சாவி கொடுத்தாங்க, எந்த ஜன்னல் மூடாதுன்னு சொன்னாங்க, அப்புறம் இதைக் காட்டி, இது வீட்டோட சேர்ந்ததுன்னு சொன்னாங்க."

நான் அந்த நிலவறைப் படியில் உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருஷமாக ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தால் எல்லாரும் என்ன சொல்வார்கள், "லவோன், உன் பீன்ஸ் மாதிரி யாராலயும் போட முடியாது" என்பார்கள். நானும் முகம் மலர்ந்து, அதெல்லாம் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து இன்னும் ரெண்டு வரிசை பீன்ஸ் கூடுதலாக விதைப்பேன். அவர்கள் பொய்யே சொல்லவில்லை பார், உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறார்கள். இங்ரிட் எனக்குக் காபி கொடுத்தாள். தட்டுப்பாட்டுக் கதை அதற்கு மேல் என் வாயில் வரவில்லை, முள் விஷயத்தை அவளிடம் சொல்லிவிட்டேன். அவள் நெஞ்சில் கை வைத்து "தேவனுக்கு ஸ்தோத்திரம், நாங்க யாரும் தொடல!" என்று சொன்னவள், சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். இரண்டு பேருமாகச் சேர்ந்து முப்பத்தேழு ஜாடியைக் காரில் ஏற்றினோம். டயர் அமுங்கிப் போயிற்று.

கடைசியாகக் கோரா அத்தை. சனிக்கிழமை வரை தள்ளிப் போட்டேன். உன் அத்தையைப் பற்றி உனக்குத் தெரியும், என் நாத்தனார், அவர் அம்மா இறந்த பிறகு இந்தக் குடும்பத்தின் சமையலுக்குத் தலைமை நீதிபதி. அவர் வீட்டில்தான் எனக்கு உண்மையான பயம். எமில் திறக்கவில்லை, பாதிரியார் வீட்டில் திறக்கவில்லை, ஆனால் கோரா ஒவ்வொரு வசந்தத்திலும் ஜாடிகளைப் பளபளவென்று கழுவித் திருப்பிக் கொடுத்துவிடுவார், ஒன்று குறையாது. அப்படியென்றால் தின்கிறார்கள் என்றுதானே அர்த்தம். ஞாயிற்றுக்கிழமை தோறும் பேரப்பிள்ளைகள் ஐந்து பேர் அந்த மேஜையில் உட்காருகிறார்கள். அந்த வீட்டில் ஒரு பொய்யும் வேண்டாம் என்று முடிவு செய்து, உள்ளே போனதும் கோட்டைக் கூடக் கழற்றாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், ரிப்பன், வீம்பு, முள், எட்டு ஜாடி, எல்லாம். அவர் மாவு பிசைகிற கையை எடுக்காமல் கேட்டார். பிறகு "ஏம்மா லவோன், எங்க வீட்ல அதை யாரு சாப்பிட்டா?" என்றார்.

காலி ஜாடி வந்துகொண்டே இருந்ததே என்றேன். "சோளக் களஞ்சியத்துக்குப் பின்னாடி கொட்டுவேன். மொதல்ல பன்னிக்குத்தான் போட்டேன். பன்னி மோந்து பார்த்துட்டு என்னையப் பார்த்துச்சு" என்றார். எட்டையும் டிசம்பரிலேயே கொட்டியாயிற்று, ஜாடி கழுவி வாசல் ஓரத்தில் தயாராக இருக்கிறது. கேட்டதும் அப்பாடா என்று ஒரு பக்கம் உயிர் வந்தது, மறுபக்கம் முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. எனக்குக் கோபம் பொங்கிவிட்டது மார்லா. கிராம்பு போடச் சொன்னதே நீங்கள்தானே என்று கத்தினேன். உண்மைதான், நான் கல்யாணமாகி வந்த வருஷம், இருபத்திரண்டு வயது, ரயில்வே ஊழியர் மகள், டவுனில் வளர்ந்தவள், பீன்ஸ் செடியில் காய்க்குமா கொடியில் காய்க்குமா என்று கூடத் தெரியாது. முதல் நாள் பீன்ஸ் போட நின்றபோது கோராதான் சொன்னார், எங்கள் குடும்பத்தில் ஜாடிக்கு ஒரு கிராம்பு போடுவோம் என்று. அதை இத்தனை வருஷம் வேதவாக்காக வைத்திருந்தேன்.

கோரா பிசைந்த மாவை அப்படியே விட்டுவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அவர் வீட்டுக்காரர் சாவுக்கு அடுத்து இதுதான். "அது சும்மா விளையாட்டுக்குச் சொன்னதுடீ. டவுன் பொண்ணு என்ன சொன்னாலும் நம்புறாளேன்னு ஒரு குறும்பு. நீ முறைச்சுப் பாப்ப, நான் சிரிப்பேன், அவ்ளோதான்னு நெனச்சேன். மறுநாள் வந்து பார்த்தா நாப்பது ஜாடி வரிசையா நிக்குது, எல்லாத்துலயும் ஒரு கிராம்பு மொதக்குது, நீ என்னமோ பிள்ளை பெத்தவ மாதிரி பக்கத்துல நின்னு சிரிக்கற. எப்படிச் சொல்றது? சரி நாளைக்குச் சொல்லிக்கலாம்னு விட்டேன். அந்த நாளைக்கு இன்னிக்கு வரைக்கும் வரல" என்றார். எனக்கு அவரை அடிக்கலாமா கட்டிக்கொள்ளலாமா என்று தெரியவில்லை.  அப்புறம் அவர் "பன்னி மூஞ்சியை நீ பார்த்திருக்கணும்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, வந்தால் அடங்கவில்லை, இரண்டு கிழவிகளும் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்ததில் மாவு உப்பிக் கிண்ணத்தை விட்டு வெளியே வந்துவிட்டது.

நேற்றுத் திங்கட்கிழமை உன் அப்பா நம் களஞ்சியத்துக்கு அந்தப் பக்கம் குழி வெட்டினார். இரண்டடிக்குக் கீழே மண் இன்னும் உறைந்து கிடந்தது, கடப்பாரை போட்டுத்தான் வெட்ட வேண்டியிருந்தது. எழுபத்து நாலு ஜாடி, நம் வீட்டு முப்பத்தொன்று, எமிலின் ஆறு, பாதிரியார் வீட்டு முப்பத்தேழு. ஒவ்வொன்றாக நான் எடுத்துக் கொடுக்க அவர் குனிந்து உள்ளே அடுக்கினார். கிடங்கில் அடுக்குகிற மாதிரி வருஷ வாரியாக அடுக்குகிறார், இந்த மனுஷனை என்ன சொல்ல. அப்போது கேட்டேன், உங்களுக்குத் தெரியுமா, இது நன்றாக இல்லை என்று. அவர் யோசித்தார், மாடு விற்கும்போது யோசிப்பாரே அந்த மாதிரி. "மொத வருஷமே தெரியும்" என்றார். பிறகு ஏன் தின்றீர்கள் என்றேன். "நீ ஆசையா வச்ச. நானும் தின்னேன். கிராம்பு எந்தப் பக்கம் கிடக்குன்னு நாக்குக்குப் பழகிடுச்சு" என்றார். சபை விருந்துகளில் என் பீன்ஸ் பாத்திரத்திலிருந்து மட்டும் இவர் மூன்று தடவை போட்டுக்கொள்வாரே, ஊர் பார்க்க இப்படியா அலைவது என்று வீட்டுக்கு வந்து நான் திட்டுவேனே, உனக்கு ஞாபகம் இருக்கும். பாத்திரம் நிறைந்தபடியே நான் அதை வீட்டுக்குத் தூக்கி வரக் கூடாதென்று தின்றிருக்கிறார் மார்லா. ஒரு வார்த்தை சொல்லாமல், நான் திட்டத் திட்ட. எனக்கு அந்தக் குழி ஓரத்திலேயே அழுகை வந்துவிட்டது. அவர் பயந்து போய், "ஒண்ணுமில்ல, ரெண்டா எல்லாம் தெரியல, நல்லாத்தான் இருக்கேன்" என்றார். இந்த வருஷம் கிராம்பு போடவில்லை என்றேன். கொஞ்ச நேரம் மண்ணைத் தள்ளினார். "ஒரு நாலு ஜாடியில மட்டும் போடு, பழகிடுச்சு" என்றார்.

புது முள்ளுக்குச் சொல்லியாகிவிட்டது. நானே ஷெரிலிடம் போய்ச் சரிபார்த்து வாங்கி வருவேன், ஒரு ஆப்பிள் பை சுட்டு எடுத்துக்கொண்டு. இந்த ஜில்லா முழுக்க என்னிடம் உண்மையைச் சொன்ன ஒரே ஆள் அவள்தான், அவளோடுதான் நான் இரண்டு வருஷம் பேசாமல் இருந்தேன். தக்காளியும் பீச் பழமும் அந்தக் குக்கரில் வேகவைத்தது இல்லை, அதனால் நான் அனுப்பிய மற்ற ஜாடிகளைப் பயமில்லாமல் சாப்பிடுங்கள். குழந்தைக்குத் தொப்பி போட்டுவிடு. டக்கை வேலைக்குப் போகும்போது தண்ணீர் எடுத்துப் போகச் சொல்.

இப்போது உன் ஏழு ஜாடிக்கு வருகிறேன். பிப்ரவரியில் நீ எழுதிய கடிதம் இதோ என் எதிரில் இருக்கிறது. "பீன்ஸ் அருமை அம்மா, நாலு ஜாடி தீர்ந்துவிட்டது, டானா கேட்டுக் கேட்டுச் சாப்பிடுகிறாள்" என்று எழுதியிருக்கிறாய். அன்றைக்கு அதை உன் அப்பாவுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன், அவர் "ம்" என்றார். மூன்று வயதுக் குழந்தை கேட்டுக் கேட்டுச் சாப்பிடுகிறாள் என்று நீ எழுதிய ஒரு வரி பொய்யாக இருக்க வேண்டும் என்று நான் நான்கு நாளாக மண்டியிட்டு ஜெபம் செய்துகொண்டிருக்கிறேன். எந்தத் தாயாவது தன் பிள்ளைக்குத் தன் சமையல் பிடிக்கக் கூடாது என்று ஜெபம் செய்திருப்பாளா. ஆனால் பொய்யென்றால் இன்னொரு பயம் இருக்கிறது, அந்த நாலு ஜாடி எங்கே. நீ என் மகள், நம் ஊரில் வளர்ந்தவள், தூக்கிப் போட உனக்கு மனசு வந்திருக்காது. பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாயா, சபையில் ஏழைகளுக்கு வைக்கிற பெட்டியில் போட்டாயா, டக்கின் வேலை இடத்தில் யாருக்காவது கொடுத்தாயா. அந்த மனிதர்கள் கொதிக்க வைப்பார்களா, திறந்து அப்படியே தின்பார்களா, நமக்குத் தெரியாது. நீ அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டி, நிறைந்த ஜாடியைத் திருப்பிக் கேட்க வேண்டும். வெட்கமாகத்தான் இருக்கும். நான் மூன்று வீட்டில் கேட்டேன், செத்துவிடவில்லை. கையில் மிச்சமிருப்பதைத் திறக்காமல், இரண்டு பையில் கட்டிப் புதைத்துவிடு. ஜாடியைத் திருப்பி அனுப்ப வேண்டாம், உன் அம்மா இப்படி ஒரு வரி எழுதுவது இதுதான் முதல் தடவை.

இந்தக் குடும்பத்தில் ஒருத்தரை ஒருத்தர் நோகடிக்கக் கூடாது என்று முப்பத்தொரு வருஷம் எல்லாரும் நல்ல வார்த்தையே பேசினோம், நல்ல வார்த்தையே கேட்டோம், கடைசியில் அது ஆளைக் கொல்லும் அளவுக்கு வந்து நிற்கிறது. ஒரு நாள் பொழுதுக்கு மரியாதையை மூட்டை கட்டி வை. குழந்தை ஒரு பீன்ஸ் கூட வாயில் வைக்கவில்லை என்று நீ சொன்னால் நான் உன்னைத் திட்ட மாட்டேன், சந்தோஷப்படுவேன், நிலவறைப் படியில் போய் ஐந்து நிமிஷம் உட்கார்ந்திருந்துவிட்டு வருவேன், அவ்வளவுதான். கர்த்தர் உங்கள் மூன்று பேரையும் கண்ணின் மணி போலக் காப்பாராக. டானாவுக்குத் தாத்தாவின் முத்தம், மீசை குத்தும் என்று சொல். நேற்று இரண்டு தடவை போன் போட்டேன், நீ எடுக்கவில்லை. இதைப் படித்த கையோடு எனக்குப் போன் செய், பால் கறக்கிற நேரமாக இருந்தாலும் பரவாயில்லை, மாட்டை விட்டுவிட்டு ஓடி வருவேன். ஏழு ஜாடியும் எங்கே என்று ஒவ்வொன்றாகச் சொல். என்ன வேண்டுமானாலும் சொல், ஆனால் "சரிம்மா" என்று மட்டும் சொல்லாதே.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அம்மா
லவோன்